வீட்டுப் பின்னாடி இருக்கற நீச்சல் குளத்தை வெச்சு வீட்டைக் குளிர வைக்க முடியுமா?

மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் பின்னாடி போய் நின்னா, ஒரு பக்கம் ஏசியோட அவுட்டோர் யூனிட் அனல் காத்தை மூஞ்சில அடிக்குது, பத்தடி தள்ளி பூல்ல தண்ணி சும்மா கிடக்கு, காலை விட்டா ஜில்லுன்னு இருக்கு. பூல் இருக்கற வீட்ல யாரா இருந்தாலும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். இவ்ளோ தண்ணி குளிர்ச்சியா பக்கத்துலயே இருக்கும்போது, அந்த மிஷின் எதுக்கு 40 டிகிரி காத்துல போய் சூட்டைத் தள்ள இப்படி முக்கி முனகிக்கிட்டு கரண்டை இழுக்குது? ஒரு பைப்பைப் போட்டு ரெண்டையும் இணைச்சுட்டா வேலை முடிஞ்சுதே?

முடியும். இது ஒண்ணும் கற்பனை இல்ல, செஞ்சு பாத்திருக்காங்க, வேலையும் செய்யுது. ஆனா எல்லா ஊர் வெயிலுக்கும் எல்லா பூலுக்கும் ஆகாது, அது ஏன்னு புரியாம பைப் போட்டவங்க தான் காசையும் விட்டு பூலையும் கெடுத்துக்கிட்டு நிக்கறாங்க. அதனால கொஞ்சம் பொறுமையா கணக்கோட பாத்துடலாம், பெரிய கணக்கு இல்ல, பெருக்கல் வகுத்தல் தான்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல நல்லா பதிய வெச்சுக்கணும். பூல் குளிரை உண்டாக்கறது கிடையாது. பூல்னா சூட்டைப் போட்டு வெக்கற ஒரு தொட்டி, அவ்ளோதான். பகல்ல வெயில்கிட்ட இருந்தும் உங்க வீட்டுகிட்ட இருந்தும் சூட்டைக் கடன் வாங்குது, ராத்திரி காத்துக்கும் வானத்துக்கும் அந்தக் கடனைத் திருப்பிக் குடுக்குது. ராத்திரில எவ்ளோ அடைக்க முடியும்ங்கறது தான் மொத்த கதையும். பகல்ல தண்ணி எவ்ளோ ஜில்லுன்னு இருக்குன்னு பாத்து முடிவு பண்றவங்க எல்லாரும் இந்த இடத்துல தான் ஏமாந்து போறாங்க.

சரி, தொட்டி எவ்ளோ பெருசு? ஒரு கன மீட்டர் தண்ணி, அதாவது 1000 லிட்டர், 1 டிகிரி சூடேற 1.16 யூனிட் வேணும். கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட் தான், கிலோவாட் மணி, ரெண்டையும் ஒரே அளவுல வெச்சுப் பேசினா ஒப்பிட சுலபம். 8 மீட்டர் நீளம் 4 மீட்டர் அகலம் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் இருக்கற ஒரு பூலை எடுத்துக்கங்க, 48 கன மீட்டர், அப்ப 1 டிகிரிக்கு சுமார் 56 யூனிட். இது ரொம்பப் பெரிய அளவு. அதே கன அளவு காத்தோட ஒப்பிட்டா தண்ணி கிட்டத்தட்ட 3500 மடங்கு சூட்டை வாங்கி வெச்சுக்கும், அதனால தான் காத்துல சூட்டைத் தள்ள அவ்ளோ பெரிய ஃபேன் சுத்த வேண்டியிருக்கு, தண்ணின்னா கட்டை விரல் தடிமன் பைப்பே போதுமானதா இருக்கு.

இப்ப வீட்டுப் பக்கம். ஏசில டன்னு சொல்றோமே, அது பழைய காலத்து ஐஸ் கணக்கு, ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல முழுசா உருகினா எவ்ளோ சூட்டை உறிஞ்சுமோ அந்த வேகம், இன்னைக்கு அளவுல 3.5 கிலோவாட். மூணு டன் ஏசி பத்து மணி நேரம் முழு வேகத்துல ஓடுச்சுன்னா வீட்டுல இருந்து 105 யூனிட் சூட்டை வெளிய எடுக்குது. அதோட நிக்கல, கம்ப்ரஸர் தின்ன கரண்டும் கடைசில சூடா மாறி அந்தப் பக்கம் தான் வந்து சேரும், அது ஒரு 30 யூனிட்னு வெச்சுக்கலாம். ஆக ஒரு நாளைக்கு 135 யூனிட் சூட்டை பூல்ல கொட்டறோம். 56ஆல வகுத்தா 2.4 டிகிரி. ஆஹா, ஒரு நாள் பூரா ஏசி ஓட்டியும் ரெண்டரை டிகிரி தான ஏறுதுன்னு சந்தோஷமா இருக்கும், எனக்கும் முதல் தடவை கணக்கு போட்டப்ப அப்படித்தான் இருந்துச்சு. ஆனா நாளைக்கும் ஏசி ஓடும், நாளன்னைக்கும் ஓடும். வெளிய போக வழியே இல்லன்னா ஒரே வாரத்துல 17 டிகிரி ஏறி, 26ல இருந்த தண்ணி 43ல நிக்கும், அது நீச்சல் குளம் இல்ல, வெந்நீர் அண்டா.

நெஜத்துல அப்படி ஆகறதில்ல, ஏன்னா பூலுக்கு வெளிய போற வழி இருக்கு, அதுல பெரிய வழி ஆவியாதல். மண்பானைல தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், வெளிப்பக்கம் கசியற தண்ணி ஆவியாகும்போது மிச்சத் தண்ணியோட சூட்டை எடுத்துக்கிட்டுப் போயிடுது. பூல்லயும் அதே சங்கதி தான். 1 லிட்டர் தண்ணி ஆவியாகறப்ப சுமார் 0.67 யூனிட் சூடு கூடவே கிளம்பிடும். அப்ப அந்த 135 யூனிட் மொத்தத்தையும் ஆவியாலயே வெளிய அனுப்பணும்னா ஒரு நாளைக்கு 200 லிட்டர், 32 சதுர மீட்டர் பரப்புல பாத்தா 6 மில்லிமீட்டர் உயரம். வெயில் காலத்துல ஏசி எதுவும் இணைக்காமலே 5 மில்லிமீட்டர் போறது சாதாரணம், அதுக்கு மேல இது. இந்தத் தண்ணியை தினமும் நிரப்பணும்ங்கறது கவனிக்க வேண்டிய செலவு, தண்ணிக்கு கஷ்டப்படற இடத்துல இந்த யோசனையே வேண்டாம்னு நான் நேராவே சொல்லிடுவேன்.

ஆவியாதல்ல ஒரு நல்ல குணம் என்னன்னா தண்ணி சூடேற சூடேற அது தானாவே வேகம் எடுக்கும். அதனால பூல் கொதிக்காது, ஏதோ ஒரு உயரத்துல போய் சமநிலைக்கு வந்து நின்னுடும். எந்த உயரம்? லேசா காத்து அடிக்கற இடத்துல தண்ணியோட சூடு ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஒரு சதுர மீட்டர் மேல்பரப்பு சுமார் 30 வாட் கூடுதலா வெளிய விடும்னு வெச்சுக்கலாம், ஆவி, காத்துல நேரா போறது, கதிர்வீச்சு எல்லாம் சேத்து. நம்ம பூலுக்கு 32 சதுர மீட்டர், அப்ப டிகிரிக்கு கிட்டத்தட்ட 1 கிலோவாட். 135 யூனிட்டை 24 மணி நேரத்துக்குப் பரப்பினா 5.6 கிலோவாட். ஆக ஏசியை இணைச்சா, சும்மா இருந்தா என்ன சூட்டுல இருக்குமோ அதைவிட அஞ்சாறு டிகிரி மேல போய் பூல் நிக்கும். 26ல இருந்தது 31, 32 ஆகும்.

இதுல இருந்து ஒரு விஷயம் தெரியுது பாருங்க, பலரும் தலைகீழா நெனைக்கறது இது. ஆழம் ஒரு நாளைக்குத் தான் உதவும், ஒரு சீசனுக்கு உதவறது பரப்பளவு தான். ரெண்டு மடங்கு ஆழமா வெட்டினா சூடு மெதுவா ஏறும், ஆனா கடைசில போய் நிக்கற இடம் அதே இடம். ஆழமில்லாத அகலமான பூல், காத்தோட்டமா இருக்கற பூல், அது தான் இந்த வேலைக்கு நல்ல பூல். நாலு பக்கமும் உயரமா சுவர் எழுப்பி காத்தே வராம மூடி வெச்ச பூல் பாக்க அழகா இருக்கும், சூட்டை வெளிய விடறதுல மோசம்.

அடுத்தது வெயில். இதைக் கணக்குல எடுக்காம விட்டா எல்லாம் வீண். நல்ல வெயில் நாள்ல ஒரு சதுர மீட்டர் தரைல 5, 6 யூனிட் சூரிய சக்தி வந்து விழுது, தண்ணி அதுல பெரும்பகுதியை உள்ள வாங்கிக்கும், முக்கால் பங்குக்கு மேலன்னு வெச்சுக்கலாம். 32 சதுர மீட்டருக்கு 140 யூனிட் பக்கம் வருது. அந்த நம்பரை இன்னொரு தடவை பாருங்க, மூணு டன் ஏசி கொட்டற சூடும் வெயில் கொட்டற சூடும் ஏறக்குறைய ஒண்ணு தான்! அதாவது பகல்ல பூலை நிழல்ல வெச்சுட்டாலே வீட்டோட சூட்டுக்கு இடம் காலியாயிடுது. மூணுல ரெண்டு பங்கு வெயிலை மறைச்சாலே 90 யூனிட் மிச்சம், பூல் அதனாலயே நாலு டிகிரி கிட்ட இறங்கி நிக்கும். காசு செலவு பண்ணி மிஷின் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நல்ல நிழல் துணி கட்டிப் பாருங்கன்னு நான் கேக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்றது இதனால தான்.

ஆனா அந்த நிழல் ராத்திரி இருக்கக் கூடாது, சுருட்டி எடுக்கற மாதிரி இருக்கணும். மேகமில்லாத வறண்ட ராத்திரில தண்ணி நேரா வானத்தைப் பாத்து சூட்டைக் கதிர்வீச்சா விடும், சதுர மீட்டருக்கு 50, 60 வாட் போகும், பத்து மணி நேரத்துக்கு நம்ம பூல்ல 16ல இருந்து 19 யூனிட், சின்ன தொகை தான், ஆனா ஓசில வர்றது. அதே மாதிரி பூல் மேல போடறதுக்குன்னு குமிழ் குமிழா ஒரு பிளாஸ்டிக் கவர் விக்கறாங்களே, அது தண்ணியை சூடா வெக்கறதுக்குப் பண்ணது, வெயிலை உள்ள விட்டு ஆவியைத் தடுக்கும், நம்ம வேலைக்கு நேர் எதிரி. பகல்ல வெளிச்சம் புகாத வெளிர் நிற மூடி, ராத்திரி முழுக்கத் திறப்பு, இது தான் முறை.

இதே பகல்-மூடு ராத்திரி-திற தத்துவத்தை வெச்சு ஹரால்ட் ஹே அப்படிங்கறவர் ஒரு வீடே கட்டினார், 1973ல கலிஃபோர்னியால அட்டாஸ்கடேரோங்கற ஊர்ல. ஸ்கைதெர்ம்னு பேரு. பூலை பின்னாடி வெக்காம கூரை மேலயே தண்ணிப் பைகளா அடுக்கி, மேல நகர்ற மூடிப் பலகை போட்டார். கோடைல பகல் பூரா மூடி, ராத்திரி திறந்து வானத்துக்குச் சூட்டை விட்டா மறுநாள் அந்தக் குளிர்ந்த தண்ணி கூரை வழியா வீட்டுச் சூட்டை உறிஞ்சும், குளிர்காலத்துல அப்படியே தலைகீழ். கம்ப்ரஸர் கிடையாது. கூரை அவ்ளோ பாரத்தைத் தாங்கணும், ஒழுகக் கூடாது, அதனாலயே ஊரெல்லாம் பரவாம நின்னுடுச்சு, ஆனா தத்துவம் சரியானது.

இப்ப இந்த விஷயத்துக்கே உயிர் மூச்சான ஒரு நம்பர், வெட் பல்ப் வெப்பநிலை. தெர்மாமீட்டரோட நுனில ஈரத் துணியைச் சுத்தி ஃபேன் முன்னாடி புடிச்சா அது எந்த அளவுக்கு இறங்குமோ அது. ஆவியாதல் மூலமா தண்ணி எவ்ளோ குளிர முடியும்ங்கறதுக்கு அது தான் அடித்தளம், அதுக்குக் கீழ போகவே போகாது. காத்து 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம்னா வெட் பல்ப் 22, 23 தான் வரும். அங்க பூலுக்கு ராத்திரி நல்ல எதிர்காலம் இருக்கு. காத்து 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம்னா வெட் பல்ப் 29! தெர்மாமீட்டர்ல காத்து ஏழு டிகிரி கம்மியா காட்டுது, ஆனா பூலுக்கு அது ஆறேழு டிகிரி மோசமான இடம். கடலோர ஊர் மாதிரி எப்பவும் கசகசன்னு இருக்கற காத்துல ராத்திரி பூரா திறந்து வெச்சாலும் தண்ணி 29க்குக் கீழ வராது, அதுல வீட்டுச் சூட்டையும் கொட்டினா 35ஐத் தொட்டுடும். அங்க இந்த வழியை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். வறண்ட காத்து, ராத்திரில நல்லா இறங்கற சூடு, ஏற்கெனவே இருக்கற பூல், இந்த மூணும் சேந்த இடத்துல மட்டும் தான் இது பலிக்கும்.

எப்படி இணைக்கறதுன்னு வந்தா வழி ரெண்டு தான் இருக்கு.

ஒண்ணு நேரடி வழி. பூல் தண்ணியை பம்ப் பண்ணி வீட்டுக்குள்ள ஒரு ஃபேன் காயில்ல ஓட்டறது, ஃபேன் காயில்னா கார் ரேடியேட்டர் மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஃபேன். கம்ப்ரஸரே இல்ல. தண்ணி 24 டிகிரில உள்ள போய் 27ல திரும்பி வந்தா, மணிக்கு 1500 லிட்டர் ஓட்டத்துல 5.2 கிலோவாட், ஒன்றரை டன் ஏசி அளவு. பேப்பர்ல பாக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா 24 டிகிரி தண்ணி வேணுமே, கோடை உச்சத்துல வெயில்ல கிடக்கற பூல்ல அது கிடைக்காது.

நான் இதைச் சின்னதா செஞ்சு பாத்தேன், ஒரு பழைய கார் ரேடியேட்டர், பூல்ல போட ஒரு சின்ன மூழ்கு பம்ப், ஒரு டேபிள் ஃபேன், ஜன்னல் வழியா ரெண்டு ஹோஸ். காலைல பூல் 25, அறை 34. ரேடியேட்டருக்கு முன்னாடி தெர்மாமீட்டரைப் புடிச்சா 28 காட்டுச்சு, கையை நீட்டினா நல்லா தெரியற குளிர்ச்சி, கூடவே லேசா குளோரின் வாடை. ஃபேன் காத்து கம்மிங்கறதால கணக்குப் பண்ணிப் பாத்தா 1 கிலோவாட் பக்கம் தான் வந்துச்சு, ஒரு டன் ஏசில மூணுல ஒரு பங்கு கூட இல்ல. ஒரு ஆள் உக்காந்து வேலை பாக்க போதும். சாயங்காலம் நாலு மணிக்கு பூல் 29 ஆயிடுச்சு, அறையும் 35, அந்த நேரத்துல தான் குளிர்ச்சி அதிகம் தேவை, அந்த நேரத்துல தான் அது மூணுல ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. இன்னொண்ணும் கவனிச்சேன், காத்து குளிர்ந்துச்சே தவிர ஈரம் குறையல. ஏசில காயில் பத்து டிகிரிக்குக் கீழ இருக்கறதால காத்துல இருக்கற ஈரம் அதுல படிஞ்சு சொட்டு சொட்டா வெளிய போயிடும், நம்ம ரேடியேட்டர் 25ல இருந்தா ஒரு சொட்டு கூட வராது, வேர்வை காயாம கசகசப்பு அப்படியே இருக்கும். மூணாவது வாரம் ரேடியேட்டர்ல ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து தரையெல்லாம் தண்ணி, அலுமினியத்தை குளோரின் தின்னுடுச்சு. அது என் தப்பு தான், பூல் தண்ணியை நேரா அதுல விட்டிருக்கவே கூடாது.

தரைக்குள்ளயோ கூரை காங்கிரீட்டுக்குள்ளயோ பைப் பதிச்சு அதுல தண்ணியை ஓட்டறதும் இந்த நேரடி வழில ஒரு வகை தான், பரப்பு பெருசுங்கறதால ஃபேன் காயில் அளவுக்கு குளிர்ந்த தண்ணி தேவைப்படாது, ஆனா புது வீடு கட்டும்போது யோசிக்க வேண்டிய விஷயம், கட்டின வீட்டை உடைச்சு செய்யறது இல்ல.

ரெண்டாவது வழி தான் எனக்கு நம்பிக்கை தர்ற வழி. ஏசி அப்படியே இருக்கட்டும், அது சூட்டை காத்துல தள்ளறதுக்குப் பதிலா பூல் தண்ணில தள்ளட்டும். இது ஏன் மிச்சம் பண்ணுதுன்னா, கம்ப்ரஸர் செய்யற வேலை கிணத்துல இருந்து தண்ணி இறைக்கற மாதிரி, கீழ குளிர்ல இருக்கற சூட்டை மேல இருக்கற சூட்டு மட்டத்துக்கு இழுத்து ஏத்தணும், கிணறு எவ்ளோ ஆழமோ அவ்ளோ உழைப்பு. வெளிய 40 டிகிரி காத்துன்னா அந்தக் காத்துல சூட்டைத் தள்ள கண்டென்சர், அதாவது ஏசில சூட்டை வெளிய விடற காயில், 50, 55 டிகிரிக்கு ஏறியாகணும். 28 டிகிரி தண்ணின்னா 35, 38ல நின்னாலே போதும். 15 டிகிரி கயிறு கம்மி. ஒரு டிகிரிக்கு 2ல இருந்து 3 சதவீதம் கரண்ட் மிச்சம்ங்கறது ஏசி தொழில்ல இருக்கறவங்க கைக்கணக்கா சொல்றது, அதை வெச்சா மூணுல ஒரு பங்கு கரண்ட் மிச்சம் வரலாம், அதுவும் எல்லாரும் ஏசி போட்டு கரண்ட் தட்டுப்பாடா இருக்கற மத்தியான நேரத்துல. பூல் 31 டிகிரி ஆனா கூட மத்தியான காத்தோட ஒப்பிட்டா இது ஜெயிக்கும், நேரடி வழிக்கும் இதுக்கும் வித்தியாசமே இது தான், இங்க தண்ணி வீட்டை விடக் குளிர்ச்சியா இருக்கணும்னு அவசியமில்ல, வெளிக் காத்தை விடக் குளிர்ச்சியா இருந்தா போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல இருக்கற ஆராய்ச்சியாளர்கள் பூலோட வெப்ப நடத்தையை அளந்து மாடல் பண்ணி 2011ல கட்டுரையே போட்டாங்க, அவங்க எடுத்துக்கிட்டதும் இதே கேள்வி தான், ஏசிக்கு பூல் நல்ல சூட்டுத் தொட்டியா.

ராத்திரி கதை மாறிடும், இதைப் பலரும் விட்டுடறாங்க. பத்து மணிக்கு வெளிக் காத்து 27க்கு இறங்கிடுச்சு, பகல் பூரா சூடு வாங்கின பூல் 31ல நிக்குது. இப்ப பூல்ல தள்றதை விடக் காத்துல தள்றது தான் லாபம். தண்ணியோ காத்தோ எது அந்த நேரத்துக்குத் தோதோ அங்க திருப்பி விடற மாதிரி ஏற்பாடு இருக்கணும், இல்லன்னா ராத்திரில கடனை அடைக்க வேண்டிய நேரத்துல மேல மேல கடன் ஏத்திக்கிட்டு இருப்போம்.

இங்க ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்லணும். வீட்ல இருக்கற சாதாரண ஸ்ப்ளிட் ஏசியை வெட்டி, செம்புக் குழாயைச் சுருட்டி பூலுக்குள்ள இறக்கறதுன்னு சில பேர் இறங்கிடறாங்க, தயவு செஞ்சு செய்யாதீங்க. குளோரினும் பிஎச் குறைஞ்ச, அதாவது அமிலத்தன்மை கூடின தண்ணியும் செம்பை அரிக்கும், பூல் ஓரமெல்லாம் நீலப் பச்சைக் கறை படியும், ஒரு நாள் ஓட்டை விழுந்தா கேஸும் கம்ப்ரஸர் ஆயிலும் தண்ணில, தண்ணி கம்ப்ரஸருக்குள்ள, ரெண்டும் நாசம். தண்ணில சூட்டை விடறதுக்குன்னே செஞ்ச மிஷின் இருக்கு, அது தான் வேணும், பூல் தண்ணி படற இடம் டைட்டானியமா இருக்கணும், இல்லன்னா நிக்கல் கலந்த செம்பு. இன்னும் பத்திரமான முறை நடுவுல ரெண்டு தண்ணியும் கலக்காம சூட்டை மட்டும் கடத்தற ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெச்சு, இந்தப் பக்கம் பூல் தண்ணி, அந்தப் பக்கம் தனியா சுத்தற நல்ல தண்ணின்னு பிரிச்சுடறது, அதுக்கு ரெண்டு டிகிரி இழப்பு வரும், பரவாயில்ல.

அதே மாதிரி அவுட்டோர் யூனிட் மேல பூல் தண்ணியை ஸ்ப்ரே பண்றதும் வேண்டாம். முதல் வாரம் பிரமாதமா குளிரும். அப்புறம் பக்கத்துல போய் பாத்தா அந்த மெல்லிசு அலுமினியத் தகடுகளுக்கு நடுவுல வெள்ளையா உப்பு படிஞ்சு, காத்து போற இடைவெளியே அடைஞ்சு போயிருக்கும், விரல்ல தேச்சா தகடே பொடியா வரும். வீட்டுக்குள்ள வெக்கற ஏர் கூலர்ல பூல் தண்ணியை ஊத்தறதும் கூடாது, குளோரின் வாடை ஒரு பக்கம், 20ல இருந்து 45 டிகிரி வரைக்கும் இருக்கற தண்ணில லெஜியோனெல்லாங்கற பாக்டீரியா வளரும், அது தண்ணித் துளியா காத்துல கலந்து மூச்சுல போனா நிமோனியா வரலாம்.

பம்பையும் மறந்துடக் கூடாது. பூல் பம்ப் 750 வாட்னு வெச்சா பத்து மணி நேரத்துக்கு 7.5 யூனிட். ஏசில 30 யூனிட்ல 10 மிச்சம் பண்ணி பம்புக்கு 7.5 குடுத்தா கைல என்ன நிக்கும்? அதனால வேகம் மாத்தற பம்ப் அவசியம். பம்போட வேகத்தைப் பாதியாக்கினா தண்ணி பாதியா குறையும், கரண்ட் எட்டுல ஒரு பங்கா குறையும், இது பம்போட இயல்பு. தடிமனான பைப், கம்மி வளைவு, மெதுவான ஓட்டம். எப்படியும் ஃபில்டருக்காக தினமும் பம்ப் ஓடத்தான போகுது, அந்த நேரத்தை ஏசி நேரத்தோட சேத்துட்டா இன்னும் நல்லது.

தண்ணி சூடானா பூல் பராமரிப்பும் மாறும். குளோரின் சீக்கிரம் தீரும், பாசி சீக்கிரம் புடிக்கும், தண்ணி ஆவியாகி ஆவியாகி உப்பும் சுண்ணாம்பும் உள்ளயே தங்கி கெட்டியாகும், அப்பப்ப கொஞ்சம் தண்ணியை வெளியேத்தி புதுசு விடணும். நல்லா வேகமா நீச்சல் அடிக்கறவங்களுக்கு 26ல இருந்து 28 தான் சுகம், 32ல நாலு லேப் அடிச்சா மூச்சு முட்டும். குழந்தைகளுக்கு சூடான தண்ணி புடிக்கும், அது வேற. ஆனா குளோரின் அளவு சரியில்லாத வெதுவெதுப்பான தண்ணில குழந்தைகளை விடறது ஆபத்து, சூடு கூடினா தினமும் டெஸ்ட் பண்ணனும், வாரம் ஒரு தடவைங்கறது பத்தாது.

பெரிய ஏரிலயெல்லாம் இதைச் செய்யறாங்களேன்னு கேக்கலாம். உண்மை தான், கனடாவோட டொராண்டோ நகரத்துல 2004ல இருந்து ஒண்டாரியோ ஏரில 83 மீட்டர் ஆழத்துல இருந்து 4 டிகிரி தண்ணியை எடுத்து ஊர் நடுவுல இருக்கற கட்டடங்களைக் குளிர வெக்கறாங்க, அமெரிக்காவோட கார்னெல் பல்கலைக்கழகம் 2000லயே பக்கத்து ஏரியை வெச்சு ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அது வேற ஜாதி. நல்ல தண்ணி 4 டிகிரில தான் கனம் அதிகம், அதனால குளிர்காலத்துல குளிர்ந்த தண்ணி அடில போய் தங்கி வருஷம் பூரா அங்கயே கிடக்கும், ஏரி குளிர்காலத்தையே சேத்து வெச்சிருக்கு. ஒன்றரை மீட்டர் பூல்ல அந்த அடித் தண்ணி கிடையாது, ஃபில்டர் பம்ப் சுத்தினா மேலயும் கீழயும் ஒரே சூடு. பூல் சேத்து வெக்கறது நேத்து ராத்திரியை மட்டும் தான்.

அந்த ராத்திரியை முழுசா உபயோகப்படுத்திக்க சுலபமான வழி, தண்ணியைத் துளியாக்கறது. பூல் ஓரத்துல நாலஞ்சு ஸ்ப்ரே தலை வெச்சு ராத்திரி பத்து மணில இருந்து காலைல ஆறு வரைக்கும் தண்ணியைத் தூவி விட்டா, துளிகளோட பரப்பு ரொம்ப அதிகம்ங்கறதால ஆவியாதல் பல மடங்காகும். சின்ன நீர்வீழ்ச்சி மாதிரி வெச்சிருக்கறவங்க அதைப் பகல்ல அழகுக்கு ஓட்டறதை விட்டுட்டு ராத்திரி ஓட்டினாலே வித்தியாசம் தெரியும், பகல்ல ஓட்டினா சூடான காத்துல இருந்து கொஞ்சம் சூடும் தண்ணிக்குள்ள வரும்ங்கறதால பலன் கம்மி. சத்தம் தூக்கத்தைக் கெடுக்குமான்னு மட்டும் பாத்துக்கங்க, பக்கத்து வீட்டுக்காரங்களோட தூக்கத்தையும் சேத்து.

எதுவும் இணைக்காம பூல் சும்மா இருந்தாலே வீடு குளிருமான்னு கேட்டா, ரொம்பக் கொஞ்சம். ஆவியாதலுக்கான சூட்டைத் தண்ணி பெரும்பாலும் தன்கிட்ட இருந்தே எடுத்துக்குது, காத்துகிட்ட இருந்து எடுக்கறது கம்மி. பூல் மேல தவழ்ந்து வர்ற காத்து நேரா ஜன்னலுக்கு வர்ற மாதிரி அமைப்பு இருந்தா சாயங்காலம் கொஞ்சம் இதமா இருக்கும். அதே சமயம் சாயற வெயில் தண்ணில பட்டு கண்ணாடி ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள பாயும், மேற்குப் பக்கம் பூல் வெச்ச வீட்ல அஞ்சு மணிக்கு ஹாலோட கூரைல அலை அலையா வெளிச்சம் ஆடுமே, அந்த வெளிச்சமும் சூடு தான்.

உங்க வீட்டுக்கு ஆகுமான்னு தெரிஞ்சுக்க மிஷின் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு தெர்மாமீட்டரை கயித்துல கட்டி பூலோட பாதி ஆழத்துல தொங்க விடுங்க, கோடை உச்சத்துல ஒரு பத்து நாள் காலைல ஆறு மணிக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கும் எழுதி வைங்க, அதோட அந்த நேரத்து வெளிக் காத்தோட சூட்டையும். காலைல 23, 24ல இருந்து சாயங்காலம் 26க்கு மேல போகலன்னா நீங்க அதிர்ஷ்டசாலி, நேரடி வழியையே யோசிக்கலாம். சாயங்காலம் தண்ணி வெளிக் காத்தை விடப் பத்து டிகிரியாவது கம்மியா இருந்தா ரெண்டாவது வழி லாபம், ஏன்னா ஏசியை இணைச்சதும் அதுல அஞ்சாறு டிகிரி போயிடும். அஞ்சு டிகிரி தான் வித்தியாசம்னா இணைச்ச ஒரே வாரத்துல அது கரைஞ்சு காணாம போயிடும், அந்தக் காசை ஜன்னல் நிழலுக்கும் கூரை மேல இன்சுலேஷனுக்கும் போடுங்க. பத்து நாள் எழுதி முடிச்சதும் நிழல் துணியைக் கட்டி, ராத்திரி ஸ்ப்ரே ஓட்டி, இன்னொரு பத்து நாள் எழுதுங்க. ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, காலை ஆறு மணி நம்பர் எவ்ளோ இறங்கியிருக்குன்னு பாத்துட்டு அப்புறம் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.